இன்னொரு கிளையில் ஒரு சாவி

போன வாரம் கேஷியரை ரீசார்ஜ் கடை வாசலில், தலையில் கை வைத்து உட்கார்ந்தபடி விட்டுவிட்டு வந்தோம். அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்து வீட்டுக்கு வந்தார். விடிந்ததும் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வங்கி வேலையை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் தேய்த்த சட்டை மட்டும் அவரை விடவில்லை. தெருவும் அவரைக் கேஷியர் என்று கூப்பிடுவதை விடவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. கேஷியரின் மகன் கப்பலில், இயந்திர அறையில் வேலை பார்த்தவன். போன மாதம் நடுக்கடலில் தீப்பிடித்தது. உடல் வரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு தோள்பை வந்தது. அதற்குள் மடித்த துணிகளும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தன. அவ்வளவுதான்.

வீட்டில் இப்போது மூன்று பேர். கேஷியர், மருமகள், அவளுடைய மூன்று வயது மகள். கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்துவிடுவதால் அந்தக் குழந்தைக்குச் சுண்டெலி என்று பெயர். வைத்தவன் அவளுடைய அப்பா.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறாள். மெஷினின் பலகையில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர். துணி வாங்க வருகிறவர்கள் போனை அதன் எதிரே காட்டுவார்கள், டிங் என்று ஒரு சத்தம், கூலி வந்துவிடும். காகிதப் பணம் கொடுத்தால், "அக்கா, நாளைக்கு இது பாதி ஆயிடும், போன்லயே போட்டுடுங்களேன்" என்பாள். காய்கறி வண்டிக்காரர் முதல் முடிவெட்டுபவர் வரை எல்லோரும் அதே பாட்டுத்தான்.

அந்தப் பணத்துக்குக் கேஷியர் வைத்த பெயர் காத்துக் காசு. கையில் பிடிக்க முடியாது, எண்ண முடியாது, யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது, காற்று மாதிரி வருகிறது, போகிறது என்று திட்டுவதற்காக வைத்தார். தெரு அதையே செல்லப் பெயராக எடுத்துக்கொண்டது.

"மாமா, டீ."

"வச்சிடும்மா."

வைத்துவிட்டு அவள் போகவில்லை. முந்தானை நுனியில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏஜென்ட் போன் பண்ணினார். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கே வர்றாராம். சரியா இல்லையான்னு சொல்லிடணுமாம். இல்லேன்னா வேற பொண்ணுக்குக் கொடுத்துடுவாராம்."

கேஷியர் டம்ளரைத் தொடவில்லை.

"நான் சரின்னு சொல்லிடறேன் மாமா. வெளிநாடுன்னாலும் துணி ஃபேக்டரி வேலைதானே, எனக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டு வருஷம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"யாரும்மா ஓடுறா?" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல். சுண்டெலி அங்கே காலி நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஓடல. நீ விளையாடு."

"குழந்தையை?" என்றார் கேஷியர்.

"நீங்க இருக்கீங்களே."

"நான் இருந்தா? தலை பின்னத் தெரியுமா எனக்கு? அதுக்குக் காய்ச்சல்னா ராத்திரி என்ன பண்ணணும்னு தெரியுமா?"

"வேற என்ன வழி மாமா? நீங்களே சொல்லுங்க."

அவள் கோபமாகக் கேட்கவில்லை.

வழி இருந்தது. மகன் கப்பலில் உழைத்ததும், கேஷியர் வங்கியில் உழைத்ததில் மிஞ்சியதும் எல்லாம் ஒரே இடத்தில், காத்துக் காசாகப் பத்திரமாக இருந்தது. மருமகள் எங்கேயும் போகாமல் இந்த முன்னறையை ஒரு கடையாக்கி, சுண்டெலியை மடியில் வைத்து வளர்க்க அது போதும். ஆனால் எடுக்க முடியாது. எடுக்க முடியாமல் பூட்டியது வேறு யாருமில்லை, கேஷியர்தான்.

அவர் வேலை பார்த்த வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று மேனேஜரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் சாவியை இன்னொருவர் தொடக்கூடாது. மனைவியிடம்கூடக் கொடுக்கக்கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு தூங்கிய மனிதர் அவர்.

காகிதப் பணம் சரிய ஆரம்பித்தபோது, மகன்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்தான். கப்பலிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வழியிலேயே பாதி கரைகிறது, வந்து சேர்ந்த பிறகும் வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கையை விரிக்கிறார்கள், இதுவோ அடுத்த நிமிஷமே வருகிறது, வந்தது கரைவதுமில்லை என்றான். கேஷியர் கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"பேங்க் முறைப்படிதான் வைக்கணும். ரெண்டு சாவி."

அந்தக் கணக்கைத் திறக்கப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். வரிசை மாறாமல் போட்டால் திறக்கும். ஒன்று தவறினாலும் திறக்காது. முதல் ஆறு கேஷியருக்கு, பின் ஆறு மகனுக்கு. எழுதி வைக்கக்கூடாது, மனப்பாடம்தான். ஒருவர் தன் ஆறைப் போடும்போது இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். உள்ளே போடச் சாவி தேவையில்லை, உண்டியல் மாதிரி. எடுக்கத்தான் இருவரும் வேண்டும்.

"அப்பா, நாம அப்பனும் பிள்ளையும்ப்பா" என்று மகன் சிரித்தான்.

"பணத்துக்கு முன்னாடி அதெல்லாம் கிடையாது" என்றார் கேஷியர்.

மகன் ஒப்புக்கொண்டான். இப்போது அவனுடைய ஆறு சொற்களும் அவனோடு கடலில் கிடக்கின்றன.

நேற்று ரீசார்ஜ் கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். "சார், பேங்க்ல சாவி தொலைஞ்சா ஆசாரியைக் கூட்டிட்டு வந்து பூட்டை உடைக்கலாம். இதுல உடைக்கறதுக்குப் பூட்டே இல்ல. மனு போடறதுக்கு ஆபீஸும் இல்ல. ஆறு வார்த்தைய வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. விட்டுடுங்க."

கேஷியர் இன்று காலையும் குளிக்கும்போது தன் ஆறையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்து தொலைந்திருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

"மாமா, ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"அவர் எனக்குக்கூட அந்த ஆறைச் சொல்லலையே. நான் என்ன திருடியா?"

"நான்தான்மா சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கினேன். அவன் மேல தப்பில்ல."

"தெரியும். போன லீவுல கேலி பண்ணினார். 'ஊருல புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல மாமியார் இருப்பாங்க, நமக்கு நடுவுல ஒரு பேங்க் உட்கார்ந்திருக்கு'ன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எங்கோ திரும்பியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். இந்த வீட்டில் யாரும் சத்தமாக அழக்கூடாது என்பது கேஷியர் போட்ட உத்தரவு. குழந்தை பயந்துவிடும் என்று காரணம் சொல்லியிருந்தார். யார் பயந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"ஒரு நாள் காலையில கிளம்பிப் போனவர் ராத்திரிதான் வந்தார். எங்கே போனீங்கன்னு கேட்டேன். 'டூப்ளிகேட் சாவியை இன்னொரு கிளையில வச்சிட்டு வந்தேன், அப்பாவோட பிள்ளையாச்சே நான்'னார். வீட்டுச் சாவி போலன்னு நான் விட்டுட்டேன்."

கேஷியர் எடுத்த டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"என்னன்னு சொன்னான்? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

பெட்டகச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் உண்டு. அதை அதே கட்டிடத்தில் வைக்கவே கூடாது. அதே வங்கியின் வேறொரு கிளையில்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, டூப்ளிகேட்டைக் கொண்டுபோய் வைக்கும் நாளில் அவர்களையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணனுக்கும் தங்கைக்கும் அது ஒரு பிக்னிக்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு கிளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மூடியவர் அவர்தான்.

அவருடைய மகள். வீட்டில் பெயர் வாயாடி.

காகிதப் பணம் சரிய ஆரம்பித்த சமயம் அது. பணம் எடுக்க வங்கி வாசலில் தெருமுனை வரை வரிசை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, மக்களைச் சமாதானப்படுத்துங்கள் என்று. ஊரே நம்பும் ஆள் யார்? கேஷியர். கவுண்டரை விட்டு வெளியே வந்து நின்று சொன்னார்: "உங்க பணம் பத்திரம். வீட்டுக்குப் போங்க." வரிசை கலைய ஆரம்பித்தது.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "போகாதீங்க! எடுத்துட்டுப் போங்க! எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவரைச் சொல்லச் சொல்லியிருக்காங்க!"

காவலாளியைக் கூப்பிட்டு மகளை வெளியேற்றினார். பெற்ற மகளை, ஊர் பார்க்க. அடுத்த வாரம் வங்கி கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தபோது மக்களின் சேமிப்பு சீட்டுக்கட்டு விலைக்கு வந்திருந்தது. அவரை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் தெருவில் அவரைப் பார்த்தால் இன்றும் வணக்கம் சொல்கிறார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை.

மகள் சொன்னது பொய்யாகப் போயிருந்தால் என்றோ மன்னித்திருப்பார். சரியாகப் போனதுதான் அவள் செய்த குற்றம். 'இந்த வீட்டு வாசலை மிதிக்காதே' என்றார். அவளுக்கும் அப்பாவின் ரோஷம்தானே, மிதிக்கவில்லை.

கேஷியர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"அவகிட்ட இருக்கு. அவகிட்டதான் வச்சிருப்பான். ஏஜென்ட் வந்தா உட்கார வை. நான் வர்ற வரைக்கும் சரின்னு சொல்லிடாதே."

மருமகள் வாசல் வரை ஓடி வந்தாள்.

"மாமா, நில்லுங்க. அவளுக்கு இன்னும் தெரியாது."

அவர் திரும்பவில்லை.

"தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாமான்னு நான் அன்னிக்கே கேட்டேன். 'எனக்கு ஒரே பிள்ளைதான், அவனும் போயிட்டான்'னீங்க. அவ போன் நம்பர் கூட என்கிட்ட இல்ல."

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"யாரு சொல்லுவா? கப்பல்ல இருந்தா மாசக்கணக்கா பேச மாட்டார். அவ அப்படித்தான் நினைச்சிட்டிருப்பா."

கேஷியர் நடக்க ஆரம்பித்தார்.

மகள் இருக்கும் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். 'அண்ணன் கப்பல்ல இருக்கான். அவசரமா பணம் எடுக்கணும். உன்கிட்ட வாங்கிக்கச் சொன்னான்.' இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சொற்களை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். மருமகள் போவதை முதலில் நிறுத்த வேண்டும். மற்றதைப் பிறகு, நிதானமாக, ஆள் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. கவுண்டருக்கு வெளியே நின்று சொல்லும் பொய் அவருக்குப் புதிது இல்லையே.

பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. இறங்கியதும் பலகை தெரிந்தது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய டிக்கெட் கவுண்டரை வாடகைக்கு எடுத்து, மேலே நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்:

காத்துக் காசு. இங்கே மாற்றித் தரப்படும்.

கேஷியர் அதைப் படித்துவிட்டு நின்றார். சாப்பாட்டு மேஜையில் அவர் எரிச்சலில் சொன்ன வார்த்தை அது. விரட்டியடித்த அப்பாவிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு போன ஒரே சொத்து.

கண்ணாடித் தடுப்பு. நடுவில் கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. அதற்குப் பின்னால் அவள். எதிரே ஒரு வரிசை. முந்திக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் போய் நின்றார். வாழ்நாளெல்லாம் வரிசையை உள்ளேயிருந்து பார்த்த மனிதர், அதில் நிற்பது இதுதான் முதல் தடவை.

ஒரு பெண் போனை நீட்டினாள். "எங்க வீட்டுக்காரர் அனுப்பிட்டேன்னார், வந்திருக்கா பாரேன் தங்கச்சி."

"வந்திருக்குக்கா. முழுசா மாத்தணுமா, பாதி வச்சுக்கறீங்களா?"

"முழுசா எடுத்தா?"

"எடுத்தா இன்னிக்கே செலவு பண்ணிடணும். காகிதம் நிக்காது. வேணுங்கறதை மட்டும் எடுங்க, மிச்சம் அதுலயே கிடக்கட்டும்."

மகள் நோட்டை எண்ணினாள். இடது கை நடுவிரலில் மடித்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் விசிறிவிட்டு, கடைசியில் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி ஓரம் சரி செய்தாள். அது அவருடைய தட்டு. "இங்கயே எண்ணிப் பார்த்துட்டுப் போங்கக்கா" என்றாள். அது அவருடைய வாக்கியம்.

அடுத்தவர் ஒரு மூட்டை தூக்குபவர். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டது, திருப்பி வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.

"போனது போனதுதாண்ணே. இதுல கேட்க ஆள் கிடையாது. பேங்க்னா மேனேஜரைத் திட்டிட்டாவது வரலாம், இதுல அதுக்கும் வழியில்ல." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து காட்டுங்க. காசு வேண்டாம், சும்மா வாங்க."

வரிசை நகர்ந்தது. அவருக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"அடுத்து. போனைக் காட்டுங்க" என்றாள் குனிந்தபடியே.

கேஷியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டைக்குள் கையை வைத்தார். வெறும் கை. வருஷக்கணக்கில் நோட்டெண்ணி, நுனி வளைந்துபோன கட்டைவிரல்.

அவள் அந்த விரலைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பா!"

கோபப்படுவாள் என்று நினைத்து வந்தார். கதவைச் சாத்துவாள் என்றுகூட நினைத்தார். அவளோ இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களா! அவன் சொன்னான்ப்பா. 'ஒரு நாள் அப்பாவை உன் கவுண்டர்லயே கொண்டுவந்து நிறுத்தறேன் பாரு'ன்னு பந்தயம் கட்டினான். நடக்கிற காரியமாடான்னு நான்தான் சிரிச்சேன். தோத்துட்டேன் போங்க!"

கேஷியர் தயார் செய்த வாக்கியத்தைத் தேடினார். அது பஸ்ஸிலேயே இறங்காமல் போய்விட்டதுபோல் இருந்தது.

"அந்த ஆறு..." என்றார்.

"இருக்கு. பத்திரமா இங்க இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "எழுதவே கூடாதுன்னுட்டான். தினமும் கடையைத் திறந்ததும் ஒரு தடவை சொல்லிக்குவேன். ஆனா உங்களுக்கு மட்டும் தனியா தர மாட்டேன். கண்டிஷன் போட்டிருக்கான். டூப்ளிகேட் வேணும்னா ரெண்டு சாவிக்காரங்களும் நேர்ல வரணும், அதுதானே ரூல்? நீங்க போட்ட ரூல்தானே?" அவள் எம்பி, அவருடைய தோளுக்கு மேலாக, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். "எங்கேப்பா அவன்? டீக்கடையில ஒளிஞ்சிட்டு நிக்கிறானா? கூப்பிடுங்க."

அவளுடைய கண்கள் ஒவ்வொரு கடையாகத் தேடிக்கொண்டு போயின.

"அவன் வரலம்மா."

"ஏன், லீவு முடிஞ்சுடுச்சா? மறுபடி கப்பலா?"

பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒரு தலையசைப்பு போதும். ஆமாம், கப்பல், என்னை அனுப்பினான். அவள் இருக்கிற சந்தோஷத்தில் ரூலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறையும் சொல்லிவிடுவாள். மருமகள் போக வேண்டாம். சுண்டெலி அம்மாவோடு தூங்கலாம். அன்றைக்கு வங்கி வாசலிலும் அவரிடம் கேட்டது இவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார்கள்.

இவள் மட்டும்தான் அன்று போகவில்லை.

"செத்துட்டாம்மா" என்றார் கேஷியர். "கப்பல்ல தீப்பிடிச்சுது."

அந்தச் சொல்லை அவர் இதுவரை வாயால் சொன்னதே இல்லை. போய்விட்டான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அவள் சிரித்த முகத்தோடுதான் இன்னமும் இருந்தாள். அது மாற நேரம் பிடித்தது.

"என்னப்பா சொல்றீங்க?"

அவர் தலை குனிந்தார்.

"எப்போ?"

"போன மாசம்."

"போன மாசமா?" அவள் அவருடைய கையை விடவில்லை. "போன மாசம் நான் இங்கதானே இருந்தேன். தினமும் கடை திறந்தேனே. சிரிச்சேனே எல்லார்கிட்டயும். போன வாரம் அவனுக்குச் சட்டை எடுத்தேன்ப்பா. லீவுக்கு வந்தா கொடுக்கலாம்னு. கோடு போட்டது. அவனுக்குக் கோடு போட்டா பிடிக்கும்."

"ம்மா..."

"ஒரு ஆள் இல்லையா எனக்குச் சொல்ல?"

"நான்தான் வேண்டாம்னேன்."

அப்போதுதான் கையை விட்டாள். உள்ளேயிருந்து தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். அரைவட்ட ஓட்டையும் அதோடு மூடிக்கொண்டது. பிறகு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

அவருடைய வீட்டில் யாரையும் அழ விடாமல் பூட்டி வைத்திருந்த அழுகை அது. "அண்ணா, அண்ணா" என்று பெயர்கூடச் சொல்லாமல் கூப்பிட்டு அழுதாள். பஸ் ஸ்டாண்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"பெரியவரே, என்ன ஆச்சு?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "இன்னிக்குப் பணம் கிடைக்குமா, கிடைக்காதா?"

கேஷியர் திரும்பினார். சாத்திய கவுண்டர், முன்னால் இவர், எதிரே பதிலுக்குக் காத்திருக்கும் முகங்கள். அன்றைக்குப் பார்த்த அதே வரிசை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "என் பிள்ளை செத்துட்டான். இவ தங்கச்சி. இப்பத்தான் சொன்னேன்."

யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. மூட்டை தூக்குபவர் தலைத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வரிசை கலையவும் இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மருமகள்.

"மாமா, கிடைச்சுதா? ஏஜென்ட் சொன்னதைவிட முன்னாடியே வந்துட்டார் மாமா. எதிர்லயே உட்கார்ந்திருக்கார்."

அவர் போனைத் தகரக் கதவின் பக்கம் பிடித்தார். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பிடித்தார்.

மறுபடி காதில் வைத்தார். மருமகளின் குரல், மெதுவாக:

"சொல்லிட்டீங்களா மாமா?"

"சொல்லிட்டேம்மா."

"அவளா அழறது?"

"ஆமா."

மருமகள் ஒரு மூச்சு இழுத்தாள். தோள்பை வந்த நாளிலிருந்து பல்லைக் கடித்து நிறுத்தி வைத்திருந்த பெண், போனில் ஓவென்று அழ ஆரம்பித்தாள். சுண்டெலி, "அம்மா, அம்மா" என்று அவளை உலுக்குவதும், அதற்கும் பின்னால் ஏஜென்ட் தொண்டையைக் கனைத்துவிட்டு, "என்னம்மா, சரின்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்பதும் காதில் விழுந்தது. அவள் பதில் சொல்லவில்லை. அழுகையில் சொல்ல முடியவில்லை.

கேஷியர் ஒரு காதில் மருமகளும் மறு காதில் மகளுமாக, சாத்திய கவுண்டரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவரிடம் ஆறு சொற்கள் இருந்தன. கதவுக்கு உள்ளே ஆறு இருந்தன. அவற்றைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார்.

கேட்கவில்லை. மகன் பெயரைச் சொல்லி, அவரும் சத்தம் போட்டு அழுதார்.